நெட்வொர்க் டிரைவரால் லேப்டாப் க்ராஷ் ஆகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

வைஃபை இணைந்த சில நிமிடங்களில் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகும். மூடியைத் திறந்தால் நீலத்திரை வந்து நிற்கும். பெரிய கோப்பை இறக்கும்போது மவுஸ் உறைந்து, ஸ்பீக்கர் கரகரக்கும். மூன்றுக்கும் நெட்வொர்க் டிரைவர், அதாவது வைஃபையையும் கேபிள் போர்ட்டையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், காரணமாக இருக்கலாம். ரேம், எஸ்எஸ்டி, சூடு ஆகியவையும் இதே கோலத்தைக் காட்டும் என்பதால், டிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

## எதையும் மாற்றும் முன்

முக்கியமான கோப்புகளை வெளியே நகல் எடுங்கள். அடுத்தது பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்பு எண். 48 இலக்கம் கொண்ட இந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸை (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தாலோ ரெகவரி திரைக்குள் போனாலோ லேப்டாப் இதைக் கேட்கக்கூடும். எண் கையில் இல்லாவிட்டால், டிரைவர் பிரச்சினையாக ஆரம்பித்தது தரவையே இழப்பதில் போய் முடியும். எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பயனில்லை.

## நெட்வொர்க் டிரைவர்தான் காரணமா?

விமானப் பயன்முறையைப் போட்டுப் பார்ப்பது போதாது. அது ரேடியோவை மட்டும் அணைக்கும். டிரைவர் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை, ஈதர்நெட் (கேபிள் போர்ட்) இரண்டையும் வலது கிளிக் செய்து டிஸேபிள் டிவைஸ் கொடுங்கள். வழக்கமாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை க்ராஷ் ஆகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் லேப்டாப்பைப் பயன்படுத்துங்கள். தினம் ஒருமுறை விழும் லேப்டாப் என்றால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடியதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அப்படியும் க்ராஷ் ஆனால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக், எஸ்எஸ்டி ஆரோக்கியம், ஃபேன் ஆகியவற்றைப் பாருங்கள். க்ராஷ் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்குங்கள். வைஃபையை இயக்கியதும் விழுகிறதா, ஈதர்நெட்டை இயக்கியதும் விழுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் இணையம் வேண்டுமென்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் வசதியைப் போடுங்கள். அது வேறு டிரைவரில் ஓடுவதால் சோதனை கெடாது.

## அறிகுறி: நீலத்திரையில் ஒரு கோப்பின் பெயர் தெரிகிறது

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் திரை கறுப்பாக வரும். நிறம்தான் வேறு, விஷயம் ஒன்றே. ஸ்டாப் கோட் என்ற வரியையும் வாட் ஃபெயில்ட் என்ற வரியையும் ஃபோனில் படம் பிடியுங்கள். திரை சட்டென மறைந்தால், சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி செட்டிங்ஸைத் திறந்து ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அங்கேயே நிற்கும்.

கோப்புப் பெயரின் முதல் எழுத்துகளே ஆளைக் காட்டிக்கொடுக்கும்:

- என்-இ-டி-டபிள்யூ-டி-டபிள்யூ, பின்னால் இரண்டு இலக்க எண்: இன்டெல் வைஃபை
- ஆர்-டி-640: ரியல்டெக் கேபிள் போர்ட்
- ஆர்-டி-டபிள்யூ-எல்-ஏ-என்: ரியல்டெக் வைஃபை
- ஏ-டி-எச்-டபிள்யூ அல்லது க்யூ-சி-ஏ: குவால்காம் ஏதெரோஸ்
- பி-சி-எம்-டபிள்யூ-எல்: பிராட்காம்
- எம்-டி-கே-டபிள்யூ-எல்: மீடியாடெக்
- டேப்0901: விபிஎன் மென்பொருள் போட்ட மெய்நிகர் அடாப்டர்

என்டிஐஎஸ், டிசிபிஐபி, நெட்ஐஓ என்ற பெயர்கள் வந்தால் அவசரப்பட வேண்டாம். அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். வேறொரு டிரைவர் குப்பையைத் தள்ள, இவை அதைத் தொட்டுத் தடுக்கி விழுகின்றன. அந்தக் கோப்புகளை வலைத்தளத்திலிருந்து இறக்கி மாற்றச் சொல்லும் ஆலோசனை எங்கே கண்டாலும் ஒதுக்குங்கள்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

1. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் ப்ராப்பர்டீஸைத் திறந்து, டிரைவர் தாவலில் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ரோல் பேக் டிரைவர் அழுத்தக்கூடிய நிலையில் இருந்தால் அதையே முதலில் செய்யுங்கள். ஒரே ஒரு பதிப்புதான் பின்னால் போகும். பல நேரம் அதுவே போதும்.
3. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், அப்டேட் டிரைவருக்குள் ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர், அதற்குள் லெட் மீ பிக் என்று போங்கள். லேப்டாப்பில் ஏற்கனவே உள்ள பழைய பதிப்புகள் அங்கே பட்டியலாக நிற்கும்.
4. இதற்கும் மசியவில்லை என்றால் கீழே உள்ள சுத்தமான மாற்று முறை.

## சுத்தமான மாற்று முறை

பல அறிகுறிகளுக்கு மருந்து இதுதான். புதிய டிரைவரைப் பழையதன் மேலேயே போடுவதால்தான் பலருக்கும் இது தோற்றுப்போகிறது. விண்டோஸ் பழைய பதிப்புகளைத் தன் கிடங்கில் அடுக்கி வைத்திருக்கும். ஒன்றை நீக்கினால் அடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

எந்தப் பதிப்பு? லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கோ சீரியல் எண்ணுக்கோ உள்ளதே முதல் தேர்வு. அங்கே பல வருடங்களாகப் புதுப்பிக்காத டிரைவர் கிடந்தால், சில்லுத் தயாரிப்பாளரிடம் போங்கள். இன்டெல் தன் வைஃபை டிரைவர்களை எல்லோருக்கும் நேரடியாகத் தருகிறது. ரியல்டெக் கேபிள் போர்ட் டிரைவர்களைத் தருகிறது. மீடியாடெக், குவால்காம் வைஃபைக்கு லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தைத்தான் நம்ப வேண்டும். எந்தச் சில்லு என்று தெரியாவிட்டால் டீடெய்ல்ஸ் தாவலில் ஹார்டுவேர் ஐடிஸைப் பாருங்கள். வென் (தயாரிப்பாளர் குறியீடு) என்பதற்கு அடுத்து 8086 இருந்தால் இன்டெல், 10ஈசி இருந்தால் ரியல்டெக், 168சி இருந்தால் குவால்காம் ஏதெரோஸ், 14ஈ4 இருந்தால் பிராட்காம், 14சி3 இருந்தால் மீடியாடெக்.

எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். பெயர் ஒத்துப்போகும், உள்ளே அதே கார்டின் வேறொரு வன்பொருள் பதிப்புக்கான டிரைவர் வந்து உட்காரும். சரியாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பையும் அவை கெடுத்துவிடும்.

1. சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்லுகள்) டிரைவர், வைஃபை டிரைவர், ப்ளூடூத் டிரைவர் மூன்றையும் இறக்கி பென்டிரைவில் வையுங்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கும். ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழசாகவும் இருந்தால் ஸ்லீப்பில் சண்டை வரும்.
2. இணையத்தைத் துண்டியுங்கள். இதைத் தவறவிட்டால் நீங்கள் நீக்கிய சில நிமிடங்களில் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி போட்டுவிடும்.
3. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். வரும் பெட்டியில் டிரைவரையும் நீக்கச் சொல்லும் டிக்கைக் கட்டாயம் போடுங்கள்.
4. ஆக்‌ஷன் மெனுவில் ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ். கார்டு மறுபடி வந்தால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். வேறொரு பழைய பதிப்பு முளைத்திருந்தால் மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். மஞ்சள் குறியோடு நின்றாலோ, டிரைவர் வழங்குநர் மைக்ரோசாஃப்ட் என்று காட்டினாலோ கிடங்கு காலி.
5. ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுனில் கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதியின்) பழைய நிலை அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப வரும்.
6. முதலில் சிப்செட், பிறகு வைஃபை, கடைசியில் ப்ளூடூத். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட்.
7. டிரைவர் தாவலில் பதிப்பு எண் நீங்கள் போட்டதுதானா என்று சரிபார்த்த பிறகே இணையத்தை இணையுங்கள்.

இதை முடித்த பிறகு இரண்டு, மூன்று நாள் வேறெதையும் மாற்றாதீர்கள். ஒரே நாளில் ஐந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

## அறிகுறி: நீலத்திரையில் கோப்புப் பெயர் எதுவும் இல்லை

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு க்ராஷின்போதும் விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு (டம்ப்) அதில் சேரும். அதில் உள்ள கோப்புகளை ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற சிறிய இலவசக் கருவியில் திறந்தால், விழுந்த நேரத்தில் மாட்டிக்கொண்ட டிரைவர்கள் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் விண்டிபிஜி இன்னும் துல்லியம். ஒரு டம்பை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றிலாவது அதே டிரைவர் தலைகாட்டினால் சந்தேகம் நியாயமானது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெயரைக் காட்டினால் ரேமைச் சோதியுங்கள்.

ஃபோல்டர் காலியா? ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரியில் ஸ்மால் மெமரி டம்ப் தேர்வாகியிருக்கிறதா, பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் உள்ள கோப்பு) அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு பதறுபவர்கள் நிறைய. லேப்டாப் முறையாக அணையவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. பக்செக் 1001 என்ற பதிவுதான் ஸ்டாப் கோடைத் தரும்.

டிரைவர் வெரிஃபையர் என்ற கருவி சந்தேக டிரைவரை வலுக்கட்டாயமாக விழவைத்துக் காட்டும். ஆனால் தொடக்கத்திலேயே விழும் சுழலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சேஃப் மோடுக்குள் போய் அதை ரீசெட் செய்யத் தெரிந்தவர்கள் மட்டும் தொடுங்கள். மற்றவர்களுக்கு இதுதான் டெக்னீஷியனை அழைக்கும் இடம்.

## அறிகுறி: ஸ்லீப்பில் இருந்து எழும்போது விழுகிறது

மூடியை மூடினால் ஃபேன் சில நிமிடம் ஓடிக்கொண்டே இருந்து பிறகு ரீஸ்டார்ட் ஆவதும், திறந்தால் டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயில்யர் வருவதும் ஒரே நோய். கார்டைத் தூங்கச் சொன்னதற்கோ எழச் சொன்னதற்கோ டிரைவர் பதில் தரவில்லை.

ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பத்து முறையாவது மூடித் திறந்து பாருங்கள்:

- கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள்.
- அடாப்டர் ப்ராப்பர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். மாடர்ன் ஸ்டேண்ட்பை (ஃபோனைப் போல் பாதி விழித்தபடி தூங்கும் முறை) உள்ள லேப்டாப்களில் இந்தத் தாவலே இல்லாமல் இருக்கலாம், அது பிழையல்ல.
- பவர் ப்ளானின் மேம்பட்ட அமைப்புகளில் பிசிஐ எக்ஸ்ப்ரஸுக்குள் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்டை ஆஃப் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.
- கேபிள் போர்ட் என்றால் அட்வான்ஸ்டு தாவலில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் இரண்டையும் டிஸேபிள்.
- சுத்தமான மாற்று முறை.
- பயாஸ் புதுப்பிப்பு. வெளியீட்டுக் குறிப்பில் ஸ்லீப் அல்லது வைஃபை பற்றி ஏதாவது இருந்தால் தயங்காதீர்கள். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் போதிய சார்ஜ் இருக்க வேண்டும், நடுவில் அணைக்கவே கூடாது. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் நேரத்தில் பயாஸைத் தொடாதீர்கள்.

பயாஸ் வரை வந்தும் தீரவில்லை என்றால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட்டைப் பயன்படுத்திக் காலம் தள்ளலாம். வாரண்டி இருந்தால் அதைச் செய்ய வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி: பெரிய டவுன்லோடு, வீடியோ அழைப்பின்போது உறைகிறது

ஸ்டாப் கோட் பெரும்பாலும் டிபிசி வாட்ச்டாக் வயலேஷன். விழுவதற்கு முன் ஒலி கரகரப்பது கூடுதல் தடயம். இதே கோடை எஸ்எஸ்டி டிரைவரும் கொண்டுவரும் என்பதால் முதலில் பிரித்தறியுங்கள்: பெரிய கோப்பு ஒன்றை எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓர் ஃபோல்டரில் இருந்து மற்றொன்றுக்கு நகலெடுங்கள். அதிலும் உறைந்தால் நெட்வொர்க் நிரபராதி. லேட்டன்சிமான் என்ற கருவியை ஓடவிட்டு டவுன்லோடு செய்தால், அதிக நேரம் பிடிக்கும் டிரைவரின் பெயரை அது காட்டும்.

வைஃபையில் விழுந்து கேபிளில் விழாவிட்டால், அட்வான்ஸ்டு தாவலில் வயர்லெஸ் மோடை ஒரு படி இறக்குங்கள்: 802.11ஏஎக்ஸ் இருந்தால் ஏசி. வேகம் குறையும், ஆனால் டிரைவரின் எந்தப் பகுதி கெட்டது என்பது தெரியும். கேபிளில் விழுந்தால் அதே தாவலில் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு வி2-ஐ ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் அணையுங்கள். இவை தற்காலிக ஒட்டுகள்தான். நல்ல டிரைவர் கிடைத்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மடியிலோ மெத்தையிலோ வைக்கும்போது மட்டும் விழுகிறதென்றால் அடிப்பக்கக் காற்றுத் துளையைப் பாருங்கள். பல லேப்டாப்களில் வைஃபை கார்டு எஸ்எஸ்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும்; இரண்டும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கும்.

## அறிகுறி: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது

தேடலில் ரிலையபிலிட்டி என்று தட்டினால் வரும் வரலாற்றுப் பக்கத்தில், முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாட்களில் என்ன நிறுவப்பட்டது என்று பாருங்கள். நெட்வொர்க் டிரைவர் என்றால் ரோல் பேக். திரும்ப வராமல் தடுக்க, மைக்ரோசாஃப்டின் ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ் கருவியில் அதை மறையுங்கள். ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதியை இயக்கலாம். பாதுகாப்பு அப்டேட்களை மொத்தமாக நிறுத்துவது இதற்கு வைத்தியம் அல்ல.

## அறிகுறி: டெஸ்க்டாப் வந்த சில நொடிகளில் விழுந்து, சுழல்கிறது

வைஃபை தானாக இணையும் நொடியில் டிரைவர் சாய்கிறது. முதலில் ரவுட்டரை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இணைய எதுவும் இல்லாததால் பல நேரம் டெஸ்க்டாப் நிலைத்து நிற்கும். அந்த இடைவெளியில் அடாப்டரை டிஸேபிள் செய்துவிடலாம்.

அப்படியும் நிற்கவில்லை என்றால், விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு, மூன்று முறை செய்தால் ரெகவரி திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு எண் 4. எண் 5 நெட்வொர்க்கோடு கூடிய சேஃப் மோட். அதைத் தேர்ந்தால் எந்த டிரைவரிடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்களோ அதையே கூட்டிக்கொண்டு வருவீர்கள். சேஃப் மோடில் டிரைவரை நீக்குவது மட்டும் போதும். பல இன்ஸ்டாலர்கள் அங்கே ஓடாது; புதியதைச் சாதாரண நிலையில் போடுங்கள்.

## அறிகுறி: விபிஎன் போட்டால் அல்லது ஆன்டிவைரஸ் மாற்றிய பிறகு

கார்டின் டிரைவர் நன்றாக இருந்தாலும், அதன் மேல் உட்கார்ந்து, போகும் வரும் தரவைச் சோதிக்கும் ஃபில்டர் டிரைவர் கவிழ்க்கும். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் அடாப்டரின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் டிக் போட்ட பட்டியல் ஒன்று இருக்கும். எப்போதோ நீக்கிய விபிஎன், மெய்நிகர் இயந்திரம், பாக்கெட் பிடிக்கும் கருவி இவற்றின் மிச்சங்கள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாத பெயர்களின் டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸை இடைநிறுத்துவதால் பயனில்லை. அதன் டிரைவர் இறங்காது. தயாரிப்பாளர் தரும் பிரத்யேக நீக்கக் கருவியால் முழுதும் அகற்றுங்கள்.

கடைசி ஆயுதம் செட்டிங்ஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட். சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும். அலுவலக லேப்டாப்பில் இதை ஐடி பிரிவைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

## அறிகுறி: காலையில் நன்றாக ஓடி, மாலைக்குள் மந்தமாகி உறைகிறது

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் (டிரைவர்கள் ரேமிலேயே பிடித்து வைத்திருக்கும் இடம்) எண்ணை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறியுங்கள். சில நூறு எம்பியில் நிற்க வேண்டியது ஜிபி கணக்கில் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் நினைவகத்தைக் கசியவிடுகிறது. கேமிங் லேப்டாப்களில் வேகத்தைப் பங்கிட்டுத் தருவதாகச் சொல்லும் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளை நீக்கிவிட்டு வெறும் டிரைவரை மட்டும் வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி: வைஃபை கார்டே காணாமல் போகிறது, கோட் 10 அல்லது கோட் 43

கோட் 10, 43 இரண்டும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்டீஸில் தெரியும் பிழை எண்கள். இங்கே டிரைவரைவிட வன்பொருள் மேல்தான் சந்தேகம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். உறைந்துபோன கார்டு பல நேரம் இதிலேயே உயிர்பெறும். வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டி வந்தால் கார்டு தேய்கிறது.

முடிவாகத் தெரிய ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (நிறுவாமலேயே ஓடும் வேறொரு இயங்குதளம்) இருந்து பூட் செய்து ஓரிரு மணி நேரம் வைஃபையில் வேலை செய்யுங்கள். அங்கேயும் கார்டு மறைந்தால் விண்டோஸ் டிரைவரைக் குறை சொல்ல வழியில்லை.

கார்டு கழற்றக்கூடியது என்றால் பெரும்பாலும் எம்.2 2230 அளவில் ஒரே திருகில் நிற்கும். பேட்டரி இணைப்பைத் துண்டித்த பிறகே தொடுங்கள். இரண்டு ஆன்டெனா கம்பிகளையும் நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முனை பிய்ந்துவிடும். மாற்றுக் கார்டு வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டெல் ஏஎக்ஸ்201 போன்றவை சிஎன்வியை வகை, அதாவது வைஃபையின் ஒரு பகுதி வேலை ப்ராசஸர் பக்கத்திலேயே நடக்கும். பொருத்தமான இன்டெல் ப்ராசஸரும் அதற்கேற்ற ஸ்லாட்டும் இருந்தால்தான் ஓடும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐ எக்ஸ்ப்ரஸ் வகை. சில பழைய மாடல்களின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. கார்டை மாற்ற விரும்பாதவர்களுக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் எளிய வழி. பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்து வைத்தால் போதும்.

மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் கார்டு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். புதிய கார்டு போட்டும் அதே கோட் வருவதும் ஸ்லாட்டை, அதாவது போர்டை, நோக்கித்தான் விரல் நீட்டும். இரண்டும் வீட்டு வேலை அல்ல. போர்டு வேலை தெரிந்த டெக்னீஷியனிடம் போகும்போது மினிடம்ப் கோப்புகள், ஸ்டாப் கோட் படங்கள், போட்டுப் பார்த்த டிரைவர் பதிப்பு எண்கள், லினக்ஸில் நடந்தது என்ன என்ற குறிப்பு ஆகியவற்றையும் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் முதல் வேலையாக விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார்.